ஈரல் இல்லாத கூறு

ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் எம்.ஏ. ஆங்கில இலக்கியத்தில் சேர்கிறார் என்றால், ஒன்று பதவி உயர்வுக்காக இருக்க வேண்டும், அல்லது ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் இருக்க முடியாத நிலைமையாக இருக்க வேண்டும். எனக்கு இரண்டும் இல்லை. நான் வேலை பார்ப்பது புதுக்கோட்டையில் ஓர் அரசு அலுவலகத்தின் தபால் பிரிவில். வருகிற கடிதத்தில் முத்திரை குத்தி, பதிவேட்டில் எண் போட்டு, உரிய மேசைக்கு அனுப்புவேன். இதற்கு ஆங்கில இலக்கியம் தேவையில்லை. சொல்லப்போனால் கடிதத்தைப் படிக்கவே தேவையில்லை. முதல் இரண்டு வரியையும் கையெழுத்தையும் பார்த்தாலே நடுவில் என்ன இருக்கும் என்று தெரிந்துவிடும். இருபத்தேழு வருடச் சர்வீசில் நான் வளர்த்துக்கொண்ட ஒரே திறமை அதுதான். பின்னால் என்னைக் கவிழ்த்ததும் அதுதான்.

நான் எம்.ஏ. சேர்ந்ததற்குக் காரணம் ஒரு பொன்னாடை. பத்திரிகைகளில் அவ்வப்போது நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன் என்பதால், ஊரில் ஏதாவது இலக்கியக் கூட்டத்துக்கு வரவேண்டியவர் வராமல் போனால் என்னைக் கூப்பிடுவார்கள். அப்படி ஒரு கூட்டத்தில் என்னை அறிமுகம் செய்தவர், "ஆங்கில இலக்கியத்தைக் கரைத்துக் குடித்தவர்" என்று சொல்லிப் பொன்னாடை போர்த்தினார். நான் மறுக்கவில்லை. தலையைக் கொஞ்சம் குனிந்துகொண்டேன். பார்க்கிறவர்கள் அதை அடக்கம் என்று எடுத்துக்கொள்வார்கள். தமிழில் கண்டதையும் படித்திருக்கிறேன், மொழிபெயர்ப்பில் உலகத்தைச் சுற்றியிருக்கிறேன் என்பதெல்லாம் உண்மை. ஆனால் நான் படித்த பட்டம் பி.காம். ஆங்கிலத்தில் கடைசிப் பக்கம் வரை படித்த நூல், மிக்சியோடு வந்த விளக்கக் கையேடு. மற்ற ஆங்கிலப் புத்தகங்களில் முதல் இருபது பக்கத்தையும் பின்னட்டையையும் படித்து மீதியை ஊகித்துக்கொள்வது வழக்கம்.

தொலைநிலைக் கல்விக்கான விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு என் மனைவி, "முடிச்சிருவீங்களா?" என்று கேட்டார்.

"ரெண்டு வருசந்தானே."

"வருசத்தக் கேக்கலங்க. புத்தகத்தக் கேட்டேன்."

தொடர்பு வகுப்பு ஞாயிற்றுக்கிழமைகளில், ஊரில் உள்ள ஒரு கல்லூரிக் கட்டடத்தில் நடந்தது. முதல் வாரம் இருபத்தாறு பேர் வந்தோம். மொழியியல் தாள் தொடங்கியதும் பாதிப் பேரைக் காணோம். அந்த வகுப்பு அப்படி. ஆங்கில ஒலிகளைச் சொல்லும்போது நாக்கு எங்கே இருக்க வேண்டும் என்று பாடம். ரேஷன் கடை விற்பனையாளர், கிராம நிர்வாக அலுவலர், இரண்டு பிள்ளை பெற்றவர்கள், பேரன் எடுத்தவர் எல்லோரும் பல்லிடுக்கில் நாக்கை நீட்டிக்கொண்டு சீறிக்கொண்டிருந்தோம். ஜன்னல் வழியாகப் பார்த்த காவலாளி, உள்ளே பாம்பு வந்துவிட்டதென்று கம்போடு ஓடி வந்தார்.

கடைசியில் மிஞ்சியது ஒன்பது பேர். அதில் இருவரை மட்டும் இங்கே சொன்னால் போதும்.

ஒருவர் மீமிசல் பஸ்ஸில் கண்டக்டர். வயது நாற்பத்தைந்து இருக்கும். டூட்டியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு வகுப்புக்கு வருவார். எந்தக் கவிதையைப் படித்தாலும், "இது எந்த ஸ்டாப்புல ஏறி எந்த ஸ்டாப்புல எறங்குது சார்?" என்றுதான் கேட்பார். விமரிசனத் தாளில் நான் கேட்ட எல்லாக் கேள்வியையும்விட அது நல்ல கேள்வி.

இன்னொருவர் டீச்சர். ஆவூர்ப் பக்கம் பழைய கிறிஸ்தவக் குடும்பம். ஞாயிறு விடியற்காலைப் பூசையை முடித்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி ஒன்பதரைக்கு வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். தனியார் பள்ளி ஒன்றில் எல்.கே.ஜி. வகுப்பு எடுத்தார். "பன்னெண்டு வருசமா எல்.கே.ஜி.யிலயே இருக்கேன்ணே, இன்னும் பாஸ் போடல" என்பார். சிரிக்காமல் சொல்வார். ஆறாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. பள்ளித் தாளாளர், எம்.ஏ. முடித்தால் ஜூனில் தருகிறேன் என்று சொல்லியிருந்தார். டீச்சர் எங்களுக்கு முன்பே சேர்ந்தவர். மற்ற எல்லாத் தாளும் முடிந்துவிட்டது, நாவல் தாள் ஒன்றுதான் பாக்கி. அதில் இரண்டு முறை தவறியிருந்தார். அவருடைய பதிவுக் காலப்படி வருகிற டிசம்பர்தான் கடைசி வாய்ப்பு. அதிலும் போனால் எழுதிய தாள்கள் எல்லாம் ரத்து. மறுபடி முதலிலிருந்து சேர வேண்டும்.

அவர் தவறியது படிக்காததால் அல்ல, அதிகம் படித்ததால். விடைகளை மனப்பாடம் செய்வார். நோட்ஸைத் தன் குரலிலேயே செல்போனில் பதிவு செய்து பஸ்ஸில் கேட்டுக்கொண்டே வருவார். ஐந்து பக்கக் கட்டுரையை மூச்சுவிடாமல் சொல்வார். ஆனால் நடுவில் ஒரு வரி மறந்தால் அடுத்த வரி வராது. வாய்ப்பாடு மாதிரி முதலிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டு முறையும் பரீட்சைக் கூடத்தில் அப்படி மனசுக்குள் திரும்பத் திரும்பத் தொடங்கித்தான் மூன்று மணி நேரமும் போயிருக்கிறது.

நாவல் தாளில் ஐந்து புத்தகங்கள். மொத்தம் இரண்டாயிரம் பக்கத்துக்கு மேல். பாடத்திட்டத்தைப் பார்த்ததும் கண்டக்டர்தான் வழி சொன்னார்.

"தீவாளிக்குப் பங்குக் கறி போடுறதில்லையா சார்? அது மாதிரி கூறு போட்ருவோம்."

எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பண்டிகைக்குப் பத்து வீடு சேர்ந்து ஓர் ஆட்டை அறுத்து, இலை விரித்து, பத்துக் கூறாகப் பங்கு வைப்பார்கள். ஆளுக்கொரு கூறு. எலும்பும் சதையும் முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் எல்லாக் கூறிலும் ஒரு துண்டு ஈரல் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் பண்டிகை அன்றைக்கே பஞ்சாயத்து.

அப்படியே புத்தகங்களைக் கூறு போட்டோம். ஒருவரோ இருவரோ சேர்ந்து ஒரு நாவலைப் படித்து, கதையைத் தமிழில் வாட்ஸப்பில் வாய்ஸ் நோட்டாகப் போட வேண்டும். கூடவே முக்கியக் கேள்விக்கு ஆங்கிலத்தில் ஒரு விடையும் எழுதித் தர வேண்டும். எழுத்தாளர் என்ற மரியாதையில், இருப்பதிலேயே தடியான நாவலை எனக்கு மட்டும் தனியாக ஒதுக்கினார்கள். அறுநூற்றுப் பதினெட்டுப் பக்கம்.

கதை இது: குளிர் நாட்டில் மாவு ஆலை வைத்திருக்கும் ஒருவரின் ஒரே மகள். அப்பா பார்த்த மாப்பிள்ளை வேண்டாம் என்று ஒரு பெட்டியோடு வெளியேறி, தூரத்துத் துறைமுக ஊரில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறாள். அப்பாவுக்கு மாதம் ஒரு கடிதம் எழுதுகிறாள். அவர் பதில் போடுவதில்லை. நான் உண்மையிலேயே படித்தேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டு மாதம், நானூற்று முப்பது பக்கம். அதற்குமுன் என் ஆயுளில் அவ்வளவு தூரம் நான் எந்த ஆங்கிலப் புத்தகத்திலும் போனதில்லை. அந்தப் பெருமிதத்திலேயே ஒரு களைப்பு வந்துவிட்டது. அலுவலகத்தில் தணிக்கை வேறு வந்தது. குழுவில் எல்லோரும் கதை போட்டுவிட்டார்கள், நான்தான் பாக்கி. "சார், ஒங்க கூறு எப்ப வரும்?" என்று கண்டக்டர் தினமும் கேட்டார்.

இத்தனை வருடம் தபாலைப் படிக்காமலே பிரித்தவனுக்கு ஒரு நாவல் எங்கே போய் முடியும் என்று தெரியாதா? ஒரு சனிக்கிழமை மத்தியானம் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் உட்கார்ந்து, நாற்பது நிமிட வாய்ஸ் நோட்டு போட்டேன். நானூற்று முப்பது பக்கம் வரை ஆசிரியருடையது. அதற்குமேல் நான்.

என் முடிவில் மழை பெய்தது. குதிரை வண்டியில் அவள் ஊர் திரும்புகிறாள். அப்பாவுக்குக் கண் பார்வை போய்விட்டது. வாசலில் நிற்பது யார் என்று தெரியாமல் கையைத் தடவிப் பார்க்கிறார். சின்ன வயதில் ஆலைச் சக்கரத்தில் பட்டுக் கட்டைவிரலில் ஏற்பட்ட தழும்பு தட்டுப்படுகிறது. ஒன்றும் சொல்லாமல், "கதவைச் சாத்தும்மா, குளிர் வருது" என்கிறார். அந்த வசனத்தைச் சொல்லும்போது என் குரலே தழுதழுத்துவிட்டது. அதையே ஐந்து பக்க ஆங்கில விடையாகவும் எழுதிப் போட்டேன். அகராதியில் பொறுக்கி வைத்திருந்த நல்ல சொற்களையெல்லாம் அதில் இறக்கினேன்.

ஒன்பது பேர் குழுவில் பதினேழு கைகூப்புகள் வந்தன. கண்டக்டர், "டிரிப்பு ஷீட்டுல தப்பா எழுதிட்டேன் சார், கண்ணு கலங்கிருச்சு" என்று போட்டார். டீச்சர் அடுத்த வார வகுப்பில் சொன்னது இன்னும் பெரியது.

"எங்க மாமியாரும் கேட்டுச்சுண்ணே. நூறு நாள் வேலைக்குப் போற எடத்துல, கம்மாக்கரையில மரத்தடியில ஒக்காந்து அம்புட்டுப் பேருக்கும் சொல்லிருச்சாம். அந்தத் தழும்பு வார எடத்துல எல்லாரும் அழுதுட்டாகளாம்."

ஆங்கில இலக்கியத்தை ஆவூர்ப் பக்கத்துக் கண்மாய்க் கரை வரைக்கும் கொண்டுசேர்த்துவிட்டேன் என்று எனக்கு நிலைகொள்ளவில்லை. பொன்னாடை இப்போதுதான் சரியான அளவில் பொருந்துவதாகத் தோன்றியது.

டிசம்பர் வந்தது. நாவல் தாள் ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தைய வியாழக்கிழமை, அந்தத் துறைமுக ஊரின் பெயரை எப்படி எழுதுவது என்று பார்ப்பதற்காக அலுவலகத்தில் புத்தகத்தைப் பிரித்தேன். பிரிந்தது அறுநூறாவது பக்கம். பதிவேட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு கடைசிவரை படித்தேன். அன்றைய தபாலில் எந்தக் கடிதம் எந்த மேசைக்குப் போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவள் ஊருக்குத் திரும்பவே இல்லை. அப்பா இறந்து எட்டு நாள் கழித்து அவளுக்குக் கடிதம் வருகிறது. படிக்கிறாள். மடித்து மேசை இழுப்பறையில் வைக்கிறாள். பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். எழுந்துபோய்க் கரும்பலகையில் அன்றைய பாடத்தை எழுதுகிறாள். அதோடு சரி. மழைகூடக் கிடையாது, நல்ல வெயில் என்று ஆசிரியர் தெளிவாக எழுதியிருக்கிறார்.

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டரைப் பிடித்தேன். வண்டி எடுக்கக் கால் மணி நேரம் இருந்தது. டீக்கடையில் வைத்து விஷயத்தைச் சொன்னேன். டம்ளரை வைத்துவிட்டார்.

"ஈரல விட்டுட்டுக் கூறு போட்டுட்டீங்களே சார்."

"இப்ப என்ன பண்றது?"

"ஒண்ணும் பண்ணாதீங்க. நம்ம ஆளுகளுக்கு வேணா தனித்தனியா ஒரு திருத்தம் போட்டு விடுங்க. டீச்சருக்கு மட்டும் தெரியப்படுத்தாதீங்க."

"அவங்கதான் முக்கியம். அவங்களுக்குத்தான் இது கடைசிச் சான்ஸு."

"அதுனாலதான் சொல்றேன். அந்தம்மா ஒங்க அஞ்சு பக்கத்தயும் முழுங்கி வச்சிருக்கு. இப்பப் போய் வாலப் புடிச்சு இழுத்தீங்கன்னா தல வரைக்கும் வெளிய வந்துரும். அப்பறம் ஒண்ணும் எழுதாது."

"தப்பான முடிவ எழுதுனா மட்டும் பாஸ் பண்ணிருவாங்களா?"

"திருத்துற ஆளு ஒங்கள மாதிரி ஒருத்தருதான சார். அவரு மட்டும் கடைசி வரைக்கும் போயிருப்பாருங்கிறீங்களா?" என்று சொல்லிவிட்டு, விசிலை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போனார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்கும் வசதியாக இருந்தது. நியாயமும் வசதியும் ஒன்றாக வந்தால் சந்தேகப்பட வேண்டும் என்கிற அளவுக்கு நான் தமிழில் படித்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டு, புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு, கீரனூர் தாண்டி ஆவூர்ப் பாதையில் மொபெட்டை விட்டேன். வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்தேன். வீட்டு வாசலில் இறங்கும்போது எல்லாம் மறந்துவிட்டது. டீச்சருக்குப் பரீட்சையில் நடப்பது என்ன என்று அப்போது புரிந்தது.

அவர் துவைத்த துணியை மடித்துக்கொண்டே, காதில் இயர்போனை மாட்டி வாயை அசைத்துக்கொண்டிருந்தார். என் ஐந்து பக்கம்தான் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

"வாங்கண்ணே, இம்புட்டுத் தூரம். மூணாம் பக்கம் கடைசிப் பத்தி இப்பத்தான் மனசுல நின்னிருக்கு."

"டீச்சர், கதையில ஒரு சின்னத் திருத்தம்."

"சொல்லுங்கண்ணே."

"அவ ஊருக்குத் திரும்பிப் போகல."

"யாரு?"

"அந்தப் பொண்ணு."

"அப்ப அந்தக் குதிர வண்டி?"

"வண்டி வரல."

"கண்ணுத் தெரியாத அப்பா?"

"கண்ணு நல்லாத்தான் தெரியுது. ஆனா எறந்துர்றாரு."

"எப்ப?"

"அறுநூத்தி ரெண்டாம் பக்கத்துல."

அவர் இயர்போனைக் கழற்றி, சுருட்டி, மடித்த துணிமேல் வைத்தார். கேள்வி மிக மெதுவாக வந்தது.

"நீங்க எது வரைக்கும் படிச்சீங்க?"

"நானூத்தி முப்பது."

"அந்தத் தழும்பு?"

"அது நான் போட்டது."

வீட்டுக்குள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த மாமியார் முறத்தோடு வெளியே வந்தார். "என்ன தம்பி சொல்றீக? அப்பன் மககிட்டப் பேசவே இல்லையா? அப்ப நான் மரத்தடியில அம்புட்டுப் பேரையும் அழுக வச்சது?"

"அது வீண் போகாதும்மா."

"வீண் போகாமெ? நாளைக்குப் போய் நான் என்னண்டு சொல்றது, பொய்யின்னா? கோனார் வீட்டுப் பொம்பள அதக் கேட்டுட்டு, ரெண்டு வருசமாப் பேசாம இருந்த தம்பி வீட்டுக்குப் போயி சாப்டுட்டு வந்துருக்கா."

"அது போனது போகட்டும் அத்த" என்றார் டீச்சர். பிறகு என்னைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அண்ணே, நான் வருசக்கணக்கா ஒரு பழக்கம் வச்சிருந்தேன். எனக்கு இங்கிலீசு புத்தகம் வாசிக்க வராது, மத்தவுக வாசிச்சதக் கேட்டு எழுதிக்கிருவேன். வாசிச்சவுக வாசிச்சிருப்பாகன்னு ஒரு நம்பிக்கை. அது இல்லைன்னா நான் யாருகிட்டப் போறது?"

சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்தேன்.

"திருத்தி எழுதிக் கொண்டாந்திருக்கேன். கடைசி ஒன்றரைப் பக்கம் மட்டும் மாத்திப் படிச்சீங்கன்னா போதும்."

நான் நீட்டிய தாளை அவர் வாங்கவில்லை. "புத்தகத்தக் கொண்டாந்தீங்களா?"

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அறுநூற்றுப் பதினெட்டுப் பக்கத்தையும் கையில் ஒரு முறை எடை பார்த்தார். நான் எங்கே நிறுத்தினேன் என்று தேட வேண்டியிருக்கவில்லை; அலுவலக முத்திரை போட்ட ஒரு பழைய உறை அந்தப் பக்கத்திலேயே அடையாளமாகக் கிடந்தது.

"இங்கன இருந்துதானே யாரும் படிக்கல?"

"எங்க டீச்சர், நாளைக்கு ஒருநா தான் இருக்கு. நூத்தி எண்பத்தெட்டுப் பக்கம்."

"அத நீங்க படிக்கும்போது பாத்திருக்கணும்" என்றார். "டீ சாப்ட்டுட்டுக் கெளம்புங்க. நான் ஒக்காரணும்."

மாமியார்தான் டீ கொண்டுவந்தார். சர்க்கரை போட்டிருக்கவில்லை. மறந்ததா, தண்டனையா என்று கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் குழுவில் சரியான முடிவை ஒரு வாய்ஸ் நோட்டாகப் போட்டேன். மூன்றரை நிமிடம். ஒரு கைகூப்புகூட வரவில்லை.

சனிக்கிழமை டீச்சரிடமிருந்து நான்கு முறை குறுஞ்செய்தி வந்தது. நான்கும் வார்த்தைக்கு அர்த்தம் கேட்டுத்தான். நான்கில் இரண்டு எனக்கும் தெரியவில்லை. அகராதியைப் பார்த்துச் சொன்னேன். கடைசியாகச் சாயங்காலம் ஒன்று வந்தது: "அவ ஏன் அழுகல?" அது எந்த அகராதியிலும் இல்லாததால் நான் பதில் போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வினாத்தாள் கொடுத்தார்கள். நாற்பது மதிப்பெண்ணுக்குக் கட்டாயக் கேள்வியாக முதலில் நின்றது அதுதான்: நாவலின் முடிவு நாயகியின் இயல்புக்குப் பொருந்துகிறதா, விவாதிக்க. எனக்கு இரண்டு வரிசை முன்னால் டீச்சர். அவருடைய முதுகைத்தான் பார்க்க முடிந்தது. வினாத்தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். உதடு அசைந்தால் தாடையும் அசையும், மனப்பாடம் தொடங்கியிருக்கிறது என்று தெரியும், அசையவில்லை. கண்டக்டர் பக்கவாட்டிலிருந்து என்னைப் பார்த்த பார்வையில், 'சொன்னேன்ல' என்று இருந்தது. வருடக்கணக்கான ஞாயிற்றுக்கிழமைகள், இரண்டிரண்டு பஸ், அத்தனை விடியற்காலைப் பூசை. நான் ஒரு மழைக்கு ஆசைப்பட்டதால் எல்லாம் போகப்போகிறது.

பிறகு அவர் எழுதத் தொடங்கினார். மெதுவாகத்தான். நிறுத்தி, அடித்து, மறுபடி எழுதினார். மனப்பாடக்காரர்கள் அடிக்க மாட்டார்கள். பன்னிரண்டு மணி வாக்கில் எழுந்து நின்று, "சார், அடிஷனல் ஷீட்" என்றார். முந்தைய இரண்டு முறையும் அவர் அதைக் கேட்டதில்லை.

எனக்கு அப்படியொரு நிம்மதி. அந்த நிம்மதியில் நானும் எழுதினேன். முடிவைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம், தெரியாமல் செய்ததையெல்லாம் பரிகாரமாக எழுதினேன். பதினோரு பக்கம். நிமிர்ந்தபோது இருபது நிமிடம்தான் பாக்கி. மீதி நான்கு நாவலுக்கும் தலைப்பு மட்டும் எழுதி, அடிக்கோடு போட்டேன்.

வெளியே வேப்பமரத்தடியில் டீச்சர் விரலைச் சொடுக்கிக்கொண்டு நின்றார்.

"மத்ததெல்லாம்?" என்றேன்.

"மத்த நாலும் மனப்பாடம்தாண்ணே. தடுக்காம வந்துருச்சு. அது மட்டும்தான் சொந்தமா."

"என்ன எழுதுனீங்க?"

"ஒங்களத்தான்."

"என்னையவா?"

"பேரு போடல. 'ஒருவர் எனக்கு இந்தக் கதையின் முடிவைத் தவறாகச் சொன்னார், அதை நான் நான்கு மாதம் நம்பினேன்'னு ஆரம்பிச்சேன். அந்த முடிவு கேக்க நல்லாருக்கு, கம்மாக்கரையில எல்லாரும் அழுதாங்க. ஆனா அவ பதினஞ்சு வருசம் எழுத்துச் சொல்லிக் குடுத்தவ. காலையில புள்ளைக வந்து ஒக்காந்திருச்சுன்னா என்ன நடந்தாலும் போயி நிக்கத்தான் செய்யணும். அழுகறதுக்குச் சாயங்காலம் இருக்கு. அத ஆசிரியர் எழுதல, ஆனா இருக்கும். இதத்தான் எழுதுனேன். எலக்கணம் எல்லாம் தப்பாத்தான் இருக்கும்."

"மறக்கலையா?"

"மறக்குறதுக்கு அதுல என்ன இருக்கு, நெனச்சதத்தான எழுதுனேன்" என்றார். கொஞ்சம் யோசித்து, "பெயிலானா பெயிலாகட்டும்ணே" என்று சேர்த்துக்கொண்டார். ஆனால் அதைச் சொன்ன குரலில் பெயிலாவதற்கு அவர் தயாராக இல்லை. கையில் வினாத்தாளைச் சுருட்டிப் பிடித்திருந்த பிடியிலும் இல்லை.

முடிவு மார்ச்சில் வந்தது. வெற்றி பெற ஐம்பது மதிப்பெண். டீச்சர் ஐம்பத்திரண்டு. கண்டக்டர்தான் முதலில் பார்த்துவிட்டுக் குழுவில் போட்டார். பிறகு என்னோடு தனியாகப் பேசினார்.

"டீச்சரம்மா கரையேறிருச்சு சார்."

"பாத்தேன். நீங்க?"

"அறுபத்தி மூணு."

"பரவால்லையே. முடிவ எப்படி எழுதுனீங்க?"

"ஒங்க மழை, குதிர வண்டி, தழும்பு, எல்லாம் அப்படியே."

"நான்தான் திருத்திப் போட்டேனே."

"ரெண்டையும் கேட்டேன் சார். மொதல்ல போட்டதுதான் நல்லாருந்துச்சு" என்றார். "ஒங்களுக்கு எம்புட்டு?"

எனக்கு இருபத்தெட்டு. என் மனைவி மதிப்பெண் பட்டியலைப் பார்த்தார். போகிற போக்கில் நாவலை எடுத்துக் கடைசிப் பக்கத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வைத்தார். அது போதுமானதாக இருந்தது.

ஜூனில் டீச்சருக்கு ஆறாம் வகுப்பு ஆங்கிலம் கொடுத்துவிட்டார்கள். பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு எல்.கே.ஜி.யில் பாஸ் போட்டாச்சு என்று குழுவில் ஒரு வரி போட்டார். அந்த ஒரு வரிக்கு வந்த கைகூப்புகள் என் நாற்பது நிமிடத்துக்கு வந்ததைவிட அதிகம்.

போன வாரம் அவரிடமிருந்து எனக்கு ஒரு வாய்ஸ் நோட்டு வந்தது. நான் வெறும் தலைப்போடு விட்ட நான்கு நாவல்களில் ஒன்று. வகுப்பில் அது யார் கூறோ, எனக்கு நினைவில்லை. இப்போது அவரே புத்தகத்தை வாங்கிப் படித்திருக்கிறார். அரை மணி நேரம், நிறுத்தி நிதானமாக, ஆறாம் வகுப்புக்குச் சொல்வதுபோலவே கதை சொல்லியிருந்தார். நடுவில் மாமியார் குரல் ஒரு முறை குறுக்கே வந்து, "அந்தத் தம்பிக்கா?" என்று கேட்டது. நல்ல கட்டத்தில் டீச்சர் நிறுத்திவிட்டார்.

"கடைசி அத்தியாயம் மட்டும் சொல்லலண்ணே. இருபத்திரண்டு பக்கந்தான் இருக்கு. அத நீங்க வாசிச்சிட்டு எனக்குச் சொல்லுங்க. சரியா இருக்கான்னு பாக்குறேன்."

பதினெட்டுப் பக்கம் முடித்துவிட்டேன். இன்னும் நான்கு இருக்கிறது. அது எங்கே போய் முடியும் என்று எனக்கு இப்போதே தெரிந்துவிட்ட மாதிரிதான் இருக்கிறது. இருந்தாலும் படித்துக்கொண்டிருக்கிறேன். டீச்சர் கேட்பார்.